ஷாஷமானே: திரும்பி வந்தவர்களின் ஊர்

பாப் மார்லி படம் போட்ட டி-சர்ட் நம் கல்லூரியிலேயே நிறையப் பேரிடம் இருக்கிறது. அந்தச் சடைமுடிக்குப் பின்னால் ஒரு ஊரின் கதை இருக்கிறது. அதைத்தான் இன்று எழுதுகிறேன்.

ஜமைக்காவின் கறுப்பின மக்கள், கரும்புத் தோட்டங்களுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வாரிசுகள். 1930-ல் ராஸ் தஃபாரி என்பவர் ஹைலே செலாசி என்ற பெயரில் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடினார். ஏறக்குறைய ஆப்பிரிக்கா முழுவதும் ஐரோப்பியர் கையில் இருந்த காலம் அது. அப்படியொரு காலத்தில் ஒரு கறுப்பினப் பேரரசர்! ஜமைக்காவின் ஏழைகள் சிலர் அவரையே கடவுளாகக் கொண்டார்கள். அவருடைய பழைய பெயரே அவர்கள் மதத்தின் பெயரானது. ஆப்பிரிக்காவுக்குத் திரும்புவதே அவர்களுக்கு விடுதலை.

1935-ல் இத்தாலி படையெடுத்தபோது மேற்குலகக் கறுப்பர்கள் எத்தியோப்பியாவின் பக்கம் நின்றார்கள். அந்த நன்றிக்காக, தலைநகர் அடிஸ் அபாபாவுக்குத் தெற்கே சுமார் 250 கி.மீ. தொலைவில் உள்ள ஷாஷமானேயில் 200 ஹெக்டேர் நிலத்தை 1940களின் இறுதியில் பேரரசர் ஒதுக்கினார். 1966-ல் அவரே ஜமைக்காவுக்குப் போய் வந்தார். அதன் பிறகு ராஸ்தாக்கள் அதிகமாக வந்து குடியேறினார்கள்.

ஆனால் 1974-ல் பேரரசர் பதவியிழந்தார். 1975-ல் ராணுவ அரசு எல்லா நிலத்தையும் அரசுடைமையாக்கியது. ஷாஷமானே நிலத்திலும் பெரும்பகுதி போய்விட்டது. பலர் கிளம்பிவிட்டார்கள், சிலர் மட்டும் பிடிவாதமாகத் தங்கினார்கள்.

முரண்களைப் பாருங்கள். ஜமைக்காவுக்கு அடிமைகள் போனது பெரும்பாலும் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து. எத்தியோப்பியா இருப்பதோ கிழக்கே. இவர்கள் கடவுளாக வணங்கிய பேரரசரோ ஆர்த்தடாக்ஸ் கிறித்தவர். அக்கம்பக்கத்து ஒரோமோ மக்களுக்கு இவர்கள் வெளியூர்க்காரர்கள். எத்தியோப்பியாவில் குடியுரிமை பெற்றோர் வழியாகவே வரும். அதனால் அங்கேயே பிறந்த இவர்களுடைய பிள்ளைகளும் பல ஆண்டுகள் அந்நியர்களாகவே இருந்தார்கள். 2017-ல்தான் அரசு இவர்களுக்கு அடையாள அட்டை தருவதாக அறிவித்தது. அதுவும் வசிக்கும் உரிமைதான், குடியுரிமை அல்ல.

வணிகவியல் மாணவனான எனக்கு, உரிமை என்றால் முதலில் பத்திரம்தான் ஞாபகம் வரும். பத்திரமும் இல்லாமல், வாக்குக் கொடுத்த பேரரசரும் இல்லாமல், ‘இது எங்கள் மண்’ என்று அங்கேயே இருந்துவிட்டவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுடைய முன்னோர்களை யாரும் கேட்டுவிட்டுக் கப்பலேற்றவில்லை. எங்கே வாழ்வது என்பதைத் தாங்களே முடிவு செய்தவர்கள் இவர்கள். அது நிலத்தைவிடப் பெரிய சொத்து என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களுக்கு?