மச்சான் என்றொரு சொல்

பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர். யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர். ஒரு கூட்டத்தார் தமக்குள் மட்டும் விளங்குமாறு வழங்கும் இத்தகைய சொற்களைக் 'குழூஉக்குறி' என்று கூறி, 13ஆம் நூற்றாண்டின் நன்னூல் அவற்றுக்கு இலக்கணத்தில் இடம் தந்தது. இளைஞர் கூட்டத்தின் குறிகளுக்கும் உரை எழுதப் புகுந்தால், பத்தாண்டுக்கு ஒன்றாக எழுத வேண்டிவரும். நாம் கல்லூரியில் பயின்ற நாளில் சலிப்பூட்டும் பேச்சு 'அறுவை'. பின்னர் அது 'பிளேடு' ஆயிற்று, 'கடி' ஆயிற்று, இந்நூற்றாண்டில் முனை மழுங்கி 'மொக்கை'யும் ஆயிற்று. இவை விளங்காமல் பெரியோர் முணுமுணுத்ததோடு சரி. ஆனால், நன்றாக விளங்கியதாலேயே அவர்களைத் திகைக்க வைத்த சொல் ஒன்று உண்டு. அது 'மச்சான்'.

தமிழர் உறவுமுறையில் பெரியப்பன், சிற்றப்பன் மக்கள் உடன்பிறப்புகள். அவர்தம் தங்கை நமக்கும் தங்கை. தாய்மாமன் மகனும் அத்தை மகனும் மச்சான். அவன் தங்கையை மணக்கலாம். பெண் கொள்ளத்தக்க வீடு எது, தகாத வீடு எது என்பதை விளிச்சொல்லே காட்டிவிடும். பிரமலைக் கள்ளர் பற்றிய தம் ஆய்வை 1957இல் வெளியிட்ட பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன், தென்னாட்டில் சம்பந்த உறவு தந்தைக்குப் பின் மகனுக்குச் சொத்தைப்போல் இறங்குகிறது என்று விளக்கினார். மாமன் மகளை மணக்கத் திருச்சபையின் விதிவிலக்கைப் பெற வேண்டிய நம் இல்லங்களிலும் இம்முறையே வழங்கிற்று. இவை யாவும் சாதி என்னும் வேலிக்குள் நிகழ்ந்தவை என்பதை மறைப்பதற்கில்லை. ஊர்முறையாக வேற்றுச் சமூகத்தாரை மாமன், மச்சான் என்று அழைக்கும் வழக்கம் சில வட்டாரங்களில் உண்டு. ஆயினும் அவ்விளி பெரும்பாலும் பெண் கொடுப்பதில் முடிந்ததில்லை.

மாணவர் விடுதிகள் இச்சொல்லை வேலிக்கு வெளியே எடுத்துச் சென்றன. பல ஊர், பல சாதிப் பிள்ளைகள் ஓர் அறையில் தங்கிச் சென்னையில் 'மச்சி' என்றும் மதுரையில் 'மாப்ளே' என்றும் அழைத்துக்கொண்டனர். எழுபதுகளின் இறுதியில், விடுமுறைக்கு நம்முடன் வந்த அறைத்தோழர் ஒருவர் முற்றத்தில் நின்று, "மச்சான்!" என்று உரக்க அழைத்தார். அடுக்களையில் அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றது.

"அந்தத் தம்பி என்ன முறையில உன்னை மச்சான்ங்குது? உள்ள தங்கச்சி இருக்கால்ல?" என்று அன்றிரவு கேட்டார். நாம் சிரித்தோம், அவர் சிரிக்கவில்லை. நண்பர் என்ன சாதி என்பதே அக்கேள்வியின் உட்பொருள் என்று நமக்கு விளங்க ஆண்டுகள் சென்றன. மறுநாள் நண்பரிடம், வீட்டில் மட்டும் பெயர் சொல்லி அழைக்குமாறு வேண்டிக்கொண்டோம். அதன்பின் அவர் நம் இல்லத்திற்கு வரவில்லை.

கடலுக்கு அப்பால் அச்சொல் இன்னும் தொலைவு சென்றது. மைத்துனனைக் குறிக்கச் சிங்களத்தில் 'மஸ்ஸினா' என்ற சொல் உண்டு. இருந்தும், தோழனை அழைக்கச் சிங்கள இளைஞர் தமிழரின் மச்சானையே எடுத்து 'மச்சங்' என்றனர். 1983 முதல் 2009 வரை நீண்ட போரின் நாள்களிலும் அதனைக் கைவிடவில்லை. 2004இல் ஹேண்ட்பால் அணியினர் என்று சொல்லி ஜெர்மனி சென்று மறைந்துபோன இலங்கையரின் கதை 2008இல் திரைப்படமாயிற்று. அதன் பெயரே 'மச்சான்'. மலேசியாவிலோ மலாய், சீன இளைஞர் நாவிலும் 'மச்சா' புழங்குகிறது.

இன்று பெண்பிள்ளைகளும் தமக்குள் 'மச்சி' என்கின்றனர். பெண்ணுக்குப் பெண் எங்ஙனம் மச்சான் ஆவாள் என்று கேட்டால், நம்மைப் 'பூமர்' என்பர். 1946 முதல் 1964 வரை பிறந்த அமெரிக்கரைக் குறித்த அச்சொல், தமிழில் முப்பது கடந்தவரையும் விட்டுவைப்பதில்லை. இப்போது 'ப்ரோ'வும் வந்துவிட்டது. முறைப்படி பார்த்தால் அது சகோதரன். அம்மாவுக்குக் கவலை தராத சொல்.

சென்ற மாதம் பேரனைத் தேடி வந்த ஒரு பிள்ளை, வாசலில் நின்று "மச்சி" என்றழைத்தான். பேத்தி உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்தது நாமே. பெயரைக் கேட்டோம், சாப்பிட்டாயா என்று கேட்டோம்; வேறெதுவும் கேட்கவில்லை.