புது ஆறும் மலேரியாவும்: பழைய மேப் சொல்ற கதை

உங்க ஊர் வரலாறு தெரியணுமா? கல்வெட்டைத் தேடுறதுக்கு முன்னாடி ஒரு பழைய டோப்போ ஷீட்டைத் தேடுங்க. சர்வே ஆஃப் இந்தியா வரைஞ்சது, ஒரு அங்குலம்னா ஒரு மைல். ஏரி, ஓடை, வண்டிப்பாதை, கோயில் எல்லாம் இருக்கும். ஓரத்துல அளந்த வருஷம் போட்டிருக்கும். முதல்ல அதைப் பாருங்க.

பட்டுக்கோட்டையையே எடுத்துக்கோங்க. ஷீட் 58 என்/7. அந்தப் பக்கத்துல அக்கினியாறு, அம்புலியாறு மாதிரி காட்டாறுகள் கடலைப் பாத்து ஓடும். அதுங்களைக் குறுக்கா வெட்டிக்கிட்டு ஒரு நீலக்கோடு தெற்கே போகும். இயற்கையான ஆறு அப்படிப் போகாது. அதுதான் கல்லணைக் கால்வாய், ஊர்க்காரங்க பாஷையில புது ஆறு. மேட்டூர் அணை திட்டத்தோட சேர்ந்து 1934 வாக்குல வந்தது. அதுக்கு முன்னாடி அளந்த ஷீட்டுல இந்தக் கோடு இருக்காது. வானம் பார்த்த பூமியும் ஏரிகளும்தான்.

தண்ணி வந்துச்சு, நெல்லு வந்துச்சு. கூடவே மலேரியாவும் வந்துச்சு. அதுவரை அங்க அது பெரிய பிரச்சினையே இல்லை. ராக்ஃபெல்லர் நிறுவனத்தைச் சேர்ந்த பால் ரஸ்ஸல் 1930-கள்ல அங்கேயே வந்து ஆராய்ச்சி பண்ணார். குற்றவாளி அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ். இந்தக் கொசு சாக்கடையைத் தேடாது. வெயில் படுற சுத்தமான தண்ணி வேணும். வாய்க்கால் கசிவு, கரை போட மண்ணு வெட்டின குழி, புதுசா நட்ட வயல், இதெல்லாம் அதுக்குப் பிரசவ வார்டு மாதிரி!

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. இந்தக் கொசு தண்ணிக்கு மேல பறந்துக்கிட்டே முட்டை போடும். ரஸ்ஸலும் ராவும் தண்ணியில கண்ணாடிக் குச்சிகளை நட்டுப் பாத்தாங்க. குச்சி நெருக்கமா இருந்தா முட்டை குறைஞ்சுது. பயிர் வளர்ந்த வயல்ல இந்தக் கொசு ஏன் குறையுதுன்னு இப்பப் புரியுதா?

கால்வாயே வேண்டாம்னு சொல்ல வரலை. அதை நம்பித்தான் டெல்டாவோட அந்தப் பகுதியே சாப்பிடுது. ஆனா வடிகாலையும் குழியையும் யோசிக்காம தண்ணியை மட்டும் திறந்துவிட்டதுக்கான விலையைக் காய்ச்சல்ல கிடந்த ஜனங்க கொடுத்தாங்க. திட்டத்தைப் புகழ்ற புத்தகங்கள்ல அந்தக் கணக்கை அதிகம் பாக்க முடியாது.

இப்போதைய ஷீட்கள் சர்வே ஆஃப் இந்தியா தளத்துலயே கிடைக்குது. பழசையும் புதுசையும் பக்கத்துல வச்சு, புதுசா முளைச்ச நீலக்கோட்டை மட்டும் தேடுங்க. அப்புறம் அந்தக் கரையோரம் இருக்கிற ஊர்ப் பெரியவங்ககிட்ட "தண்ணி வந்த வருஷம் காய்ச்சல் வந்துச்சாமே, உங்க வீட்ல சொல்லியிருக்காங்களா?"ன்னு கேளுங்க.