விளையாட்டும் ஊதியமும்

விளையாட்டிற்கு ஊதியம் பெறுதல் இழுக்கு என்னும் எண்ணம் மேனாட்டில் நெடுங்காலம் கோலோச்சியது. அமெரிக்கப் பழங்குடி மரபினரான ஜிம் தார்ப் என்பார், 1912-இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஐவகைப் போட்டி, பதின்வகைப் போட்டி இரண்டிலும் தங்கம் வென்றார். 1909, 1910 ஆண்டுகளில் சிறுதொகை பெற்றுப் பேஸ்பால் ஆடினார் என்று காரணங்காட்டி, 1913-இல் அவற்றைப் பறித்தனர். 1953-இல் அவர் மறைந்தார். பதக்கங்களைத் திருப்பித்தர ஒலிம்பிக் குழு இசைந்ததோ 1982-இல்!

அந்நாட்டிலேயே கல்லூரிக் கூடைப்பந்தாட்டங்கள் நுழைவுச்சீட்டாலும் தொலைக்காட்சியாலும் பெரும்பொருள் ஈட்டின. ஆடிய மாணவர்க்கோ படிப்புதவியே கிட்டியது. 2021-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாய், கல்வி சார்ந்த சலுகைகளுக்குக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் வரம்பு கட்டியது சட்டத்திற்கு ஒவ்வாதென்றனர். பின்னர், நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, 2025 ஜூலை முதல் கல்லூரிகளே மாணவர்க்கு நேராகப் பணம் வழங்கலாயின. படிப்பு பின்தங்குமோ, மகளிர்க்கு உரிய பங்கு கிட்டுமோ என்னும் வாதங்கள் இன்னும் ஓயவில்லை.

இரயில்வேயில் பணிபுரியும் நமக்கு இது வியப்பன்று. ஆட்டத்திறனுக்காக வேலை பெற்றோர் நம் துறையில் பலர். "பந்து சோறு போடுமா?" என்று பிள்ளைகளை அதட்டுமுன், வியர்வைக்குரிய ஊதியம் மானக்கேடன்று என உலகம் உணரச் சென்ற காலத்தை எண்ணிப் பார்ப்போமாக.