குளிர்ந்த கோடையும் கிரெமோனா வயலினும்: ஒரு கருதுகோளின் மறுவாசிப்பு

கிரெமோனாவில் ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களின் ஒலிச்சிறப்புக்குப் பருவநிலையைக் காரணம் காட்டும் வாதம் 2003இல் ‘டெண்ட்ரோகுரோனாலஜியா’ இதழில் வெளிவந்தது. எழுதியவர்கள் லாயிட் பர்க்கிள், ஹென்றி கிரிசினோ-மேயர். சூரியப் புள்ளிகள் அருகிப்போன 1645–1715 காலத்தில் ஆல்ப்ஸ் மலையின் கோடைகள் குளிர்ந்தன, ஸ்புரூஸ் மரங்கள் மெல்ல வளர்ந்து நெருக்கமான ஆண்டு வளையங்களை இட்டன, கட்டை செறிவடைந்தது, அந்தக் கட்டையே ஒலியைத் தந்தது என்பது அவர்கள் வாதம். கருதுகோள் என்றுதான் அவர்களே தலைப்பில் குறித்தார்கள். பின்வந்தவர்களோ அதை நிறுவப்பட்ட உண்மையாக எடுத்தாண்டுவிட்டார்கள். குளிர் கோடை வளையத்தை ஒடுக்கும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒடுங்கிய வளையம் செறிந்த கட்டையைத் தரும் என்ற அடுத்த படியைத்தான் ஏற்க முடியவில்லை.

ஊசியிலை மரத்தின் ஒவ்வொரு வளையத்திலும் இரண்டு பகுதிகள் உண்டு. கோடையின் தொடக்கத்தில் கேம்பியம் என்ற வளர்திசு ஈனும் முன்பருவக் கட்டையில் டிரக்கீடுகள், அதாவது நீர் கடத்தும் செல்கள், அகன்றும் மெல்லிய சுவர்களுடனும் இருக்கும். பின்பருவக் கட்டையின் செல்கள் சிறியவை, சுவர் தடித்தவை. கட்டையின் செறிவு பெரிதும் இந்தப் பின்பகுதியைப் பொறுத்தது. அதன் செல்சுவர் தடிப்பதும் லிக்னின் படிவதும் கோடைக்கடைசி வரை, மலையுயரங்களில் செப்டம்பருக்குள்ளும், நீளும் வேலை. அந்த நாட்களில் வெயில் இல்லாமல் மழையும் மேகமும் மூடிக்கொண்டால் சுவர் தடிக்காமலே பருவம் முடிந்துவிடும். வளையம் ஒடுங்கியிருக்கும், செறிவும் குறைந்திருக்கும். லிக்னின் முழுமையாகப் படியாத இத்தகைய செல்கள், சாஃப்ரனினும் ஆஸ்ட்ரா புளூவும் சேர்த்துச் சாயமேற்றிய மென்சீவலில் சிவப்பு ஏறாமல் நீலமாகவே நிற்கும். நுண்ணோக்கியில் அந்த ஆண்டு ஒரு நீலக் கோடாகத் தெரியும். கீத் பிரிஃபா குழுவினர் வட அரைக்கோள ஊசியிலை மரங்களின் பின்பருவக் கட்டைச் செறிவைக் கொண்டு 1998இல் வெளியிட்ட 600 ஆண்டுத் தொடரில் மிகத் தாழ்ந்த புள்ளி 1601. பெருவில் ஹுவாய்னபுட்டினா எரிமலை வெடித்ததற்கு அடுத்த ஆண்டு அது. தம்போரா வெடிப்பைத் தொடர்ந்து ஐரோப்பாவில் கோடை முழுதும் குளிரும் மழையுமாகக் கழிந்த 1816இலும் செறிவு தாழ்ந்தே இருக்கிறது. குளிர் கூடினால் செறிவு கூடும் என்பதற்கு நேர்மாறான சான்று இது.

மரம் நின்ற உயரமும் கணக்கில் வர வேண்டும். மரவரம்பை ஒட்டிய சரிவுகளில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது வெப்பம். அடிவாரங்களில் அதே ஸ்புரூஸ் தண்ணீருக்குத்தான் ஏங்கும். அதன் வேர்கள் ஆழம் போகாதவை. எனவே ஒரே மழைக்கோடை மேலே வளையத்தை ஒடுக்கவும் கீழே அகலப்படுத்தவும் கூடும். பர்க்கிள் வாதத்தில் ஆல்ப்ஸ் முழுவதும் ஒரே சரிவாகிவிடுகிறது.

இனி ஆக்ஸ்ஃபோர்டு ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் உள்ள, ஸ்ட்ராடிவாரியின் ‘மெசையா’ வயலினைப் பார்ப்போம். உள்ளே ஒட்டிய சீட்டில் 1716 என்ற ஆண்டு இருக்கிறது. இது 19ஆம் நூற்றாண்டுப் போலியோ என்ற ஐயம் எழுந்தபோது மேற்பலகையின் வளையங்களை அளந்து காலம் கணித்தார்கள். 2004இல் வெளியான ஆய்வு அவற்றை 1577 முதல் 1687 வரை எனக் கண்டது. அதன் முதன்மை ஆசிரியர் கிரிசினோ-மேயரே. மொத்தம் 111 வளையங்கள். 1645ஐ எல்லையாக வைத்து இவற்றைப் பிரித்தால் 68 வளையங்கள் அதற்கு முந்தியவை. 43 மட்டுமே சூரியப் புள்ளிகள் அருகிய காலத்தவை. ஸ்ட்ராடிவாரியின் ‘பொற்கால’ வயலின்களில் பெரும்புகழ் பெற்ற ஒன்றின் மேற்பலகையில் பாதிக்கும் மேல் அந்தக் காலத்துக்கு முன்பே வளர்ந்துவிட்டது. பர்க்கிள் தரப்புக்குச் சாதகமான ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். மேற்பலகையின் இரு பாதிகளையும் இணைக்கையில் மரத்தின் வெளிப்பக்கம் நடு இணைப்பில் வருமாறு வைப்பதே பொது வழக்கம். அப்படியானால் பிந்திய 43 வளையங்களும் தந்திகளைத் தாங்கும் குதிரை நிற்கும் நடுப்பகுதியை ஒட்டி அமையும். இதை எளிதில் ஒதுக்க முடியாது. ஆனால் அது இட அமைப்பு பற்றிய வாதம், செறிவு பற்றியது அன்று.

செறிவை நேரடியாக அளந்தவர்கள் பெரெண்ட் ஸ்டூலும் டெரி போர்மனும். 2008இல் 5 பழைய கிரெமோனா வயலின்களையும் 8 புதிய வயலின்களையும் சி.டி. ஸ்கேனில் ஒப்பிட்டபோது இடைநிலைச் செறிவில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. முன்பருவக் கட்டைக்கும் பின்பருவக் கட்டைக்கும் உள்ள செறிவு இடைவெளி மட்டும் பழையவற்றில் குறைவாக இருந்தது. குளிர்ந்த, மழை மிகுந்த கோடையில் பின்பருவக் கட்டை மெலியும் என்ற என் வாசிப்போடு இது பொருந்துகிறது. மாதிரி சிறியதுதான், முந்நூறு ஆண்டு முதுமையும் கட்டையில் பூசிய வேதிப்பொருள்களும் அதே இடைவெளியைக் குறைத்திருக்கக்கூடும். ஆனாலும் இப்போதுள்ள தரவுகளில் பருவநிலைக்கு ஏதேனும் பங்கு இருந்தால் அது இந்த மெலிவின் வழியாகத்தான் இருக்க முடியும் என்றே வாதிடுவேன். செறிவு மிகுந்தது என்ற கூற்றுக்கு இந்த அளவீட்டில் இடமே இல்லை.

ஆல்ப்ஸின் குளிரும் 1645இல் தொடங்கியதன்று. பனியாறுகள் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இறங்கத் தொடங்கிவிட்டன. டிரோல் பகுதியின் அப்சாமில் 1683இல் இறந்த யாக்கோப் ஸ்டைனரும் ஆல்ப்ஸ் ஸ்புரூசில்தான் வயலின் செய்தார். அவர் கருவிகளின் ஒலி வேறு.

‘மெசையா’வின் மரத்தை எந்த ஆண்டு வெட்டினார்கள் என்பதும் முடிவாகவில்லை. 1687 என்பது எஞ்சிய கடைசி வளையத்தின் ஆண்டு மட்டுமே; பட்டையை ஒட்டிய எத்தனை வளையங்கள் இழைப்பில் போயின என்பதைப் பலகை காட்டாது. சீட்டின் 1716ஐ ஏற்றால் இடையில் 29 ஆண்டுகள் நிற்கின்றன. அவற்றில் எத்தனை காட்டில் கழிந்தன, எத்தனை கட்டை உலர்வதில் கழிந்தன என்பதைப் பொறுத்து, அந்த மரம் கண்ட குளிர் கோடைகளின் எண்ணிக்கையும் மாறும்.