கிருஷ்ணசாமியின் பெயர் எங்கே?



கோலாலம்பூர் பொது மருத்துவமனைக்குச் செல்வோர், பகாங் சாலையில் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கட்டடத்தைக் கண்டிருப்பர். 1900-ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட அக்கழகத்தினர்தாம் ‘மெலியாய்டோசிஸ்’ என்னும் நோய்க்குப் பெயர் சூட்டினர். ஆயின், அந்நோயை முதன்முதலில் கண்டறிந்த இருவருள் ஒருவர் பெயர் கிருஷ்ணசாமி என்பதை நம்மவருள் எத்தனை பேர் அறிவர்?

வரலாறு இரங்கூனில் தொடங்குகிறது. 1911-இல் அந்நகரப் பொது மருத்துவமனையில் நோயியல் வல்லுநராக இருந்தவர் ஆல்பிரட் விட்மோர். அவருடன் பணியாற்றியவர் சி. எஸ். கிருஷ்ணசாமி. இறந்தோரின் உடல்களை அறுத்து ஆய்ந்தபோது, சிலருடைய நுரையீரலில் பாலாடைக்கட்டி போன்று கெட்டிப்பட்ட திட்டுகளைக் கண்டனர். அது காசநோய் அன்று. குதிரைகளைப் பீடிக்கும் ‘கிளாண்டர்ஸ்’ நோயை ஒத்திருந்தது. ஆனால் கிளாண்டர்ஸ் கிருமி தானாக அசையாது; இதுவோ நீந்தித் திரிந்தது, வளர்ப்பு ஊடகத்திலும் விரைந்து பெருகியது. எனவே இது புதிய கிருமியே எனத் துணிந்தனர். 1912-க்குள் 38 பேரின் உடல்களில் இக்கிருமி காணப்பட்டது. மார்பின் ஊசிக்கு அடிமைப்பட்ட ஏழைகளே அவர்களுள் மிகுதி.

1912-இல் ‘இந்தியன் மெடிக்கல் கெஜட்’ இதழில் வெளிவந்த கட்டுரையில் இருவர் பெயரும் இருந்தன. 1913-இல் வந்த விரிவான கட்டுரையில் விட்மோர் பெயர் மட்டுமே. அதன்பின் நோய் ‘விட்மோர் நோய்’ ஆயிற்று; கிருமியும் அவர் பெயரையே தாங்கிற்று. இதில் வியப்பு யாதெனில், 1917-இல் கிருஷ்ணசாமி தாமே எழுதிய கட்டுரையின் தலைப்பிலும் ‘விட்மோர் நோய்’ என்றே குறித்திருப்பதுதான்! மேலதிகாரிக்குக் காட்டிய மரியாதை என்று கொள்ளலாம். என் மனம் முழுதும் ஒப்பவில்லை.

இதற்கிடையே 1913-இல், கோலாலம்பூர் ஆராய்ச்சிக் கழகத்தில் வளர்க்கப்பட்ட கினிப்பன்றிகளும் முயல்களும் நோயுற்று மாண்டன. ஆராய்ந்தவர் வில்லியம் பிளெட்சர். (தீட்டிய அரிசிக்கும் பெரிபெரி நோய்க்கும் உள்ள தொடர்பை இந்நகரிலேயே ஆராய்ந்த அதே பிளெட்சர்தான்.) அவரும் தாமஸ் ஸ்டான்டனும் இணைந்து 1921-இல் மெலியாய்டோசிஸ் என்னும் பெயரை இட்டனர். கழுதைகளுக்கு வரும் ஒருவகை நோயைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. எலிகளே நோயைப் பரப்புகின்றன என அவர்கள் கருதினர். உண்மையில் கிருமி வாழ்வது ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் என்பது பின்னரே தெளிவாயிற்று.

கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் வடிந்தபின் சேற்றை அள்ளும் எவரும் இக்கிருமியை மிதிக்கக்கூடும். நல்ல உடல்நலம் உள்ளோரைப் பெரும்பாலும் அது ஒன்றும் செய்வதில்லை. இனிப்புநீர் உள்ளோரையே மிகுதியாகத் தாக்கும். லூபஸ் போன்ற நோய்களில் உடலின் எதிர்ப்பாற்றல் தன் நுரையீரலையே புண்படுத்துவதுண்டு. அதை அடக்கத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து, இக்கிருமிக்கு வழிவிடவும் கூடும். அப்போது வரும் காய்ச்சலையும் இருமலையும் பழைய நோயின் முற்றல் என்றோ, காசநோய் என்றோ எண்ணிவிடுவது எளிது. வழக்கமான காசநோய் மருந்து இதற்கு ஈடாகாது. செஃப்டாசிடைம் போன்ற ஊசிமருந்தை இரு வாரமேனும் செலுத்தி, பின்னர் மாதக்கணக்கில் மாத்திரை தரவேண்டும்.

மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சாவித்திரி புதுச்சேரி இந்நோயைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர். இரத்தத்தில் கிருமி பரவிய 50 மலேசிய நோயாளிகளைப் பற்றி அவரும் உடன் ஆய்வாளர்களும் 1992-இல் எழுதினர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் பிழைக்கவில்லை.

அதே 1992-இல் கிருமியின் பெயர் மீண்டும் மாற்றப்பட்டது. இன்று அதன் பேரினம் ‘பர்க்ஹோல்டேரியா’. வெங்காய அழுகல் நோயை ஆராய்ந்த வால்ட்டர் பர்க்ஹோல்டர் என்னும் அமெரிக்கரின் நினைவாக வைத்த பெயர் அது.