உவமை: பொருளா, அணியா?

சில ஆண்டுகளுக்கு முன் எம் தோட்டப்பள்ளி மாணவி ஒருத்தி, தன் கட்டுரையில், "பாட்டியின் கை பலமுறை வெட்டிய பால்மரப் பட்டையைப் போன்றது" என்று எழுதியிருந்தாள். அதே தேர்வில், அணியின் பெயர் கேட்ட வினாவுக்கு அவள் பிழையாக விடையளித்தாள். உவமையைப் படைக்கத் தெரிந்தவளுக்கு உவமையின் பெயர் தெரியவில்லையென மதிப்பெண்ணைக் குறைத்தவன் நான். அன்று முதல் ஒரு வினா என் உள்ளத்தை அரித்து வருகின்றது: உவமையை நாம் எங்கிருந்து கற்பிக்கத் தொடங்குகின்றோம்?

நமக்குக் கிடைத்துள்ள தமிழ் இலக்கண நூல்களுள் மிகப் பழையது தொல்காப்பியம். அதில் எழுத்து, சொல், பொருள் என்னும் மூன்று அதிகாரங்களே உண்டு. அணிக்கெனத் தனி அதிகாரம் இல்லை. பொருளதிகாரத்தின் ஒன்பது இயல்களுள் ஏழாவதாக உவமவியல் அமைந்துள்ளது. அதற்கு முன் நிற்பது மெய்ப்பாட்டியல். பின் நிற்பது செய்யுளியல். உள்ளத்து உணர்வுக்கும் பாட்டின் வடிவுக்கும் இடையே உவமை நிற்கும் இம்முறை எண்ணத் தக்கதன்றோ?

வினை, பயன், மெய், உரு என உவமையை நால்வகைப்படுத்தினார் தொல்காப்பியர். புலிபோலப் பாய்ந்தான் என்பது வினை. மழைபோல வழங்கினான் என்பது பயன். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். இவ்வளவோடு அவர் நிற்கவில்லை. சிறப்பு, நலன், காதல், வலி ஆகியவற்றை உவமை பிறக்கும் நிலைக்களன்கள் என்றார். தாழ்த்திக் கூறுமிடத்தும் அது பிறக்கும் என்றார். எதனோடு எது ஒத்தது என்பதோடு, எவ்வுணர்வால் ஒப்பிடப்பட்டது என்பதையும் கேட்டவர் அவர்.

பின்னர்க் காலம் மாறியது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்தில் எழுந்த வீரசோழியம், வடமொழி மரபைத் தழுவி அலங்காரத்தை இலக்கணத்தின் ஐந்தாம் பகுதியாக்கியது. 12ஆம் நூற்றாண்டில், தண்டியின் காவியாதரிசத்தைப் பின்பற்றித் தண்டியலங்காரம் தோன்றியது. பொதுவணியியல், பொருளணியியல், சொல்லணியியல் என மூன்று பிரிவுடைய அந்நூல் 35 பொருளணிகளைக் கூறுகின்றது. அவற்றுள் தன்மை முதலாவது, உவமை இரண்டாவது, உருவகம் மூன்றாவது. பாட்டுக்குப் பொருளாயிருந்த உவமை, இப்போது பாட்டுக்குப் பூட்டும் நகைகளுள் ஒன்றாயிற்று.

இதனால் தண்டியலங்காரத்தைக் குறைகூறுதல் முறையாகாது. மதுரைக்கு வரும் கோவலனையும் கண்ணகியையும் 'வாரற்க' என மறிப்பதுபோல மதிற்கொடிகள் அசைந்தனவாக இளங்கோவடிகள் காட்டுகின்றார். இயல்பாக அசைந்த கொடியின்மேல் புலவர் தம் குறிப்பை ஏற்றினார். இதனைப் பிற அணிகளினின்று பிரித்துணரத் தற்குறிப்பேற்றம் என்னும் பெயர் நமக்கு வேண்டும். பெயர் கண்ணைத் திறக்குமாயின் நன்று. கண்ணுக்குப் பதிலாக நிற்குமாயின் தீது.

வகுப்பில் நாம் பெரும்பாலும் தண்டியில் தொடங்கித் தண்டியிலேயே முடிக்கின்றோம். வரலாறு சென்ற வழியே சென்றால் என்ன? எது எதனோடு ஒப்பிடப்பட்டது? வினையாலா, பயனாலா, வடிவாலா, நிறத்தாலா? எந்த உணர்வால்? இம்மூன்றையும் மாணவர் சொல்லிய பின்னர் அணியின் பெயரைக் கூறுவோம். அப்பெயர் அவர்தம் நினைவில் தானே நிலைக்கும்.

அம்மாணவியின் வரியை இவ்வழியில் மீண்டும் படித்தேன். கைக்கும் பட்டைக்கும் ஒப்புமை மெய்யால் வந்தது. நிலைக்களன் காதல். விடியற்காலையில் மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்த கையைப் பேத்தி கண்ட காட்சி அது. அதற்குரிய மதிப்பெண்ணை இனி என்னால் திருத்த இயலாது. பாடம் நடத்தும் முறையைத் திருத்திக்கொண்டேன்.