நாலு இதழ், 38 வருஷம்

பழைய காமிக்ஸ் தேடி அலையறவங்களைப் பார்த்தா சிரிப்பு வரும். எனக்கும் வந்துச்சு, '2000 ஏடி' கதை தெரியுற வரைக்கும்.

1977-ல தொடங்கின பிரிட்டிஷ் அறிவியல் புனைகதை வார இதழ். ஒவ்வொரு இதழுக்கும் பேர் 'ப்ராக்'. ப்ரோக்ராமோட சுருக்கம், நம்ம ஆளுங்க! 1978-ல ஜட்ஜ் ட்ரெட் தொடர் 'கர்ஸ்ட் எர்த்'ல நிஜ பர்கர் கம்பெனிகளையும் விளம்பர பொம்மைகளையும் செமையா கலாய்ச்சாங்க. சட்டச் சிக்கலுக்கு பயந்து, ப்ராக் 71, 72, 77, 78-ல வந்த அத்தியாயங்களை மட்டும் மறுபதிப்புகள்ல விட்டுட்டாங்க.

2014-ல பிரிட்டன் காப்புரிமைச் சட்டம் பகடிக்கு இடம் கொடுத்துச்சு. 2016-லதான் முழுக் கதையும் புத்தகமா வந்துச்சு. அதுவரை சட்டப்படி முழுசா படிக்கணும்னா ஒரே வழி, யாரோ தூக்கிப் போடாம பரண்ல வச்சிருந்த, பழுப்பேறின அந்த நாலு நியூஸ்பிரின்ட் இதழ்தான்.